வஜ்ராசனமும் நம் தொழுகை இருப்பும்

 

நம் பள்ளிவாசல்களில் நாற்காலிகள் கூடி வருவதைப் பார்க்கிறோம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அதில் குறையேதும் இல்லை. ஆனால் தரையில் அமரும் பழக்கம் விட்டுப்போனதால் மூட்டு இறுகி, நாற்காலிக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இன்று பேசுகிறோம்.

வஜ்ராசனம் நமக்குப் புதிதல்ல. முதல் அத்தஹிய்யாத் இருப்பில் இடப்பாதத்தைப் படுக்கவைத்து அதன்மேல் அமர்ந்து, வலப்பாதத்தை நட்டு வைக்கிறோம். வஜ்ராசனத்தில் இரு பாதங்களையும் படுக்கவைத்துக் குதிகால்கள்மேல் அமர வேண்டும். மந்திரம் எதுவும் தேவையில்லை. உடற்பயிற்சி என்ற நிய்யத் போதும்.

முதுகு நிமிர்ந்து, கைகள் தொடைமேல் இருக்கட்டும். முதலில் 1 நிமிடம், பழகியபின் 5 நிமிடம். கணுக்கால் வலித்தால் அடியில் துண்டை மடித்து வையுங்கள். குதிகால்வரை அமர முடியாவிட்டால் இடையில் தலையணை வைக்கலாம். சாப்பிட்ட பின்னும் செய்யத்தக்க ஆசனம் இது. முழங்காலும் கணுக்காலும் மடங்கிப் பழகும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், முழங்கால் வீக்கம் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதம் உணர்வு குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். கால் மரத்தால் உடனே நீட்டிவிடுங்கள். சுவரைப் பிடித்து எழுந்திருங்கள்.

முடிந்தவரை தரையில் ஸுஜூது செய்வோம். முடியாதவரைக் குறைவாகப் பார்க்காதிருப்போம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.