ஒரு வாசலுக்கு இரண்டு ஜாகாவா?

(கெடா மாநிலம், பீடோங் வட்டாரத் தோட்டமக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை எழுந்ததை நாம் கண்டோம். அதனினும் பெரிய மாற்றம் ஒன்றையும் நம் மாநிலம் கண்டுள்ளது. 1996ஆம் ஆண்டில் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்றது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டிலேயே கணினியில் பாடம் படிக்கின்றனர். ஆயினும், ஒரு பொருளை வாங்குவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அதனைக் காக்கும் முறையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அண்மையில் நாம் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். தந்தை செம்பனைக் குலை அறுப்பவர். ஆறாம் படிவத்தை முடித்த மகளுக்காகச் சிறுகச் சிறுகச் சேமித்து, பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தார். கடைக்காரர் அதில் வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றைப் பதிந்து கொடுத்தார். கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டுமென்று தாய்மாமன் மற்றொன்றைப் பதிந்தார். அன்றுமுதல் கணினி நகர மறுத்தது. ஒரு கோப்பைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். பல்கலைக்கழக விண்ணப்பத்திற்கு நான்கே நாள்கள் எஞ்சியிருந்தன. “விற்றவர் நம்மை ஏமாற்றிவிட்டார் ஐயா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார் தந்தை. மகள் ஒன்றும் பேசாமல் நின்றாள்.

கணினியைத் திறந்து பார்த்தோம். பொருளில் பழுதில்லை, ஒரே வாசலில் இரண்டு காவலரை நிறுத்தியதே பிழை.

அன்பர்களே, தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கிராணி பெயர் கூப்பிடுகிறார். குரல் கொடுத்தவர் வேலைக்குச் செல்கிறார். அதே களத்தில் இரண்டு கிராணிமார் நின்று, இருவரும் தனித்தனியே பெயர் கூப்பிட்டு, இருவரும் விட்டால்தான் போகலாம் என்றால் என்னவாகும்? வெயில் ஏறும்வரை ஒருவரும் தீம்பாருக்குப் போய்ச் சேரமாட்டார். வைரஸ் தடுப்பு நிரலும் அவ்வாறே. நாம் ஒரு கோப்பைத் திறக்கும்பொழுது, அது குறுக்கே நின்று சோதித்த பின்னரே வழிவிடுகிறது. நிரல் இரண்டாயின் சோதனையும் இரண்டு. முதலாவது சோதிக்கத் தொட்ட கோப்பை, யாரோ தொடுகிறார் என்று இரண்டாவதும் சோதிக்கத் தொடங்கும். கணினியின் நினைவகமும் ஆற்றலும் இதிலேயே கரைந்துவிடும்.

தாமதம் மட்டுமன்று, ஆபத்தும் உண்டு. தடுப்பு நிரல் ஒவ்வொன்றும் நச்சு நிரல்களின் அடையாளங்களைத் தன்னிடம் குறித்து வைத்திருக்கும். பிடித்தவற்றைத் தனியே அடைத்தும் வைக்கும். மற்றொரு நிரல் அவற்றைக் கண்டு, இதுவே நச்சு என்று தவறாகக் கொள்ளக்கூடும். இருட்டில் இரண்டு ஜாகாக்கள் ஒருவரையொருவர் திருடரென்று பிடித்துக்கொள்ளும் கதைதான். உண்மையான நச்சு ஒன்று வந்தாலும், ஒரு நிரல் அதனைப் பிடித்து வைத்திருக்க, மற்றது அழிக்க முயன்று தோற்கும்.

“இரண்டு பூட்டுப் போட்டால் வீட்டுக்கு இரட்டைப் பாதுகாப்பு அல்லவா ஐயா?” என்று அந்தத் தந்தை கேட்டார். நல்ல கேள்வி. பூட்டு தன் இடத்தில் சும்மா கிடக்கும். மற்றொரு பூட்டோடு மோதாது. தடுப்பு நிரலோ பூட்டன்று. இரவும் பகலும் நடமாடும் காவலாள். ஆகவேதான் ஒன்று போதும்.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் என்னும் தடுப்பு நிரல் உடன்வருகிறது. அதற்குத் தனிக் கட்டணமில்லை. வேறொரு தடுப்பு நிரலை முறையாகப் பதிந்தால், அது பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். அந்நிரலை நீக்கினால் மீண்டும் காவலுக்கு வரும். வெளியிலிருந்து இரண்டு நிரல்களைக் கொண்டுவந்து பதியும்பொழுது, இவ்வாறு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இருக்குமென்று நம்ப முடியாது.

அப்படியாயின் இரண்டாவது நிரலுக்கு இடமே இல்லையா? உண்டு. எந்நேரமும் காவல் நில்லாமல், நாம் அழைக்கும்பொழுது மட்டும் வந்து சோதித்துச் செல்லும் நிரல்கள் இருக்கின்றன. ஐயம் எழும்பொழுது இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதைப் போன்றது அது. அதில் தவறில்லை.

இரண்டு நிரல்கள் இருக்கும் வீட்டில் செய்யவேண்டியது இதுதான். முதலில் முக்கியமான கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, வட்டைக் கழற்றி வையுங்கள். பின்னர் அமைப்புப் பகுதிக்குச் சென்று, வேண்டாத நிரலை முறைப்படி நீக்குங்கள். குறும்படத்தை மட்டும் அழித்தால் நிரல் போய்விடாது. கணினியை அணைத்துத் திரும்ப இயக்குங்கள். இறுதியாக, விண்டோஸ் செக்யூரிட்டி என்னும் பகுதியைத் திறந்து, ஒரு நிரலாவது காவலில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். கோபத்தில் இரண்டையும் முடக்கிவிட்டுக் கணினியைக் காவலின்றி விடுவது, இரண்டை வைத்திருப்பதிலும் கேடானது.

புதுப்பிப்புகளையும் தள்ளிப்போடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாக்கிரை என்னும் நச்சு நிரல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. திருத்தத்தை ஏற்றியவர்கள் தப்பினர். நாளை பார்க்கலாம் என்றவர்களே பெரிதும் அகப்பட்டனர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதையும் பழைய கணினி வைத்திருப்போர் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நாமே கதவைத் திறந்துவிட்டால் எந்தக் காவலும் உதவாது. வங்கியிலிருந்து பேசுகிறோம், காவல்துறையிலிருந்து பேசுகிறோம் என்று தொலைபேசியில் மிரட்டி இரகசிய எண்ணைக் கேட்பவரை எந்த நிரலும் தடுக்காது. ஊழியர் சேமநிதிப் பணம் ஆயுள் முழுதும் உழைத்த உழைப்பு. அது நொடியில் போய்விடும். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் வெட்கப்பட்டு மறைக்காமல் வங்கிக்கும், 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பணமதிப்புடையது.

அந்த வீட்டில் ஒரு நிரலை நீக்கினோம். கணினியைத் திரும்ப இயக்கினோம். தந்தை கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம் ஆகுமுன்னரே திரை ஒளிர்ந்தது. அன்றிரவே மகள் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். மறுநாள் அவள் தன் மாமனைத் தொலைபேசியில் அழைத்து, “மாமா, உங்கள் வீட்டுக் கணினியிலும் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள்” என்றாளாம்.

நீங்களும் இன்று வீடு திரும்பியதும் அதைத்தான் செய்ய வேண்டும். முதலில் உங்கள் கணினியைப் பாருங்கள். பிறகு அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.