போர் விமானங்களின் பெயர்கள்
(புரோத்ராபூரில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புரோத்ராபூரில் நின்று வானை நோக்குவோர் கண்ணில் கடற்படையின் டார்னியர் விமானம் படுவது புதிதன்று. டார்னியர் என்பது கிளாட் டார்னியர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளரின் குடும்பப் பெயர். கான்பூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இவ்விமானத்தைத் தயாரித்த பின்னரும் அப்பெயர் மாறவில்லை. அது வந்திறங்கும் கடற்படைத் தளத்தின் பெயரோ 'உத்க்ரோஷ்'. 1985-இல் பணியில் சேர்க்கப்பட்ட அத்தளத்துக்குச் சூட்டப்பட்ட இவ்வடசொல், கடற்கழுகைக் குறிப்பது. ஒரே ஓடுதளத்தில் அயலார் குடும்பப் பெயரும் நம் நாட்டுப் பறவையின் பெயரும் சேர்ந்து நிற்கின்றன. இந்திய இராணுவ விமானங்களின் பெயர் வரலாறே இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறி எனலாம்.

1933 ஏப்ரல் முதல் நாளன்று உருவான இந்திய விமானப் படையின் முதல் அணிக்கு வழங்கப்பட்டவை 'வாப்பிட்டி' விமானங்கள். வாப்பிட்டி என்பது வட அமெரிக்கக் காடுகளில் திரியும் பெருமான். இந்தியாவில் அதனைக் கண்டவர் இலர். அடுத்து வந்த 'லைசாண்டர்' பண்டைய ஸ்பார்ட்டாவின் படைத்தலைவன் பெயர். வெடிகுண்டு விமானங்களுக்கு நகரங்களின் பெயரையும், சண்டை விமானங்களுக்கு வேகத்தையும் சீற்றத்தையும் காட்டும் சொற்களையும் இடுவது பிரிட்டனில் வழக்கமாக இருந்தது. லங்காஸ்டர், ஹாலிபாக்ஸ் முந்தைய வகை. 'சூறாவளி' எனப் பொருள்படும் ஹரிகேன் பிந்தைய வகை.

பெயர் வெறும் அலங்காரமன்று என்பதற்கு அந்தமானின் போர்க்கால வரலாறே சான்று. 1942 மார்ச்சில் இத்தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பானியர், போர்ட் பிளேர் துறைமுகத்தில் கவானிஷி நிறுவனத்தின் பெரிய கடல் விமானங்களை நிறுத்தினர். ஏப்ரலில் பர்மாவின் அக்யாபிலிருந்து புறப்பட்டு வந்த பிரிட்டிஷ் ஹட்சன் விமானங்கள் அவற்றைத் தாக்கின. அக்கடல் விமானத்துக்கு ஜப்பானியர் இட்ட பெயர் '97-ஆம் வகை'. அவர்தம் பேரரசு ஆண்டுக் கணக்கின்படி 2597-ஆம் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் அவை. புகழ்பெற்ற 'ஜீரோ' விமானமும் 2600-ஆம் ஆண்டின் கடைசிச் சுழியால் பெயர் பெற்றதே. இம்முறையில் ஒரு பெருங்குழப்பம் இருந்தது. அதே ஆண்டில் ஏற்கப்பட்ட சண்டை விமானமும், குண்டுவீச்சு விமானமும், கடல் விமானமும் ஒருங்கே '97-ஆம் வகை' ஆயின. '97 வருகிறது' என்று காவல் நிலையிலிருந்து செய்தி வந்தால், எதிர்த்து நிற்பதா பதுங்குவதா என்று கேட்பவர் எவ்வாறு முடிவு செய்வார்?

இதனைத் தீர்க்க 1942-இல் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அமெரிக்க அதிகாரி பிராங்க் மெக்காய் எளிய வழி ஒன்றை வகுத்தார். சண்டை விமானங்களுக்கு ஆண் பெயர். குண்டுவீச்சு விமானங்களுக்கும் கடல் விமானங்களுக்கும் பெண் பெயர். ஜீரோ 'ஜீக்' ஆயிற்று. போர்ட் பிளேரில் நின்ற கடல் விமானம் 'மேவிஸ்' ஆயிற்று. வானொலியில் இரைச்சலுக்கிடையிலும் காதில் விழக்கூடிய சிறு சொற்கள் இவை. போருக்குப் பின் நேட்டோ நாடுகள் இம்முறையையே சோவியத் விமானங்களுக்குத் திருத்தி அமைத்துக்கொண்டன. மிக்-21 'பிஷ்பெட்' ஆனது இவ்வாறுதான். எதிரிக்கு எதிரி இட்ட பெயர் அது; அவ்விமானத்தை ஓட்டிய இந்திய விமானிகளுக்கு அது 'மிக்' மட்டுமே.

சுதந்திரத்துக்குப் பின் நம்மவர் பெயரிடத் தொடங்கினர். 1953-இல் பிரான்சிலிருந்து வந்த 'உராகன்' விமானம் அதே பொருளில் 'தூஃபானி' ஆயிற்று. பெங்களூரில் தயாரான 'அலுவெத்' ஹெலிகாப்டரின் கதை சுவையானது. பிரெஞ்சு மொழியில் வானம்பாடியைக் குறித்த அப்பெயர் நீங்கி, ராணா பிரதாபின் குதிரையான 'சேத்தக்' வந்தமர்ந்தது. பறவை குதிரையானதை எவரும் பொருட்படுத்தவில்லை. சிறு பூச்சியின் பெயர் தாங்கி 1965 போரில் புகழ் ஈட்டிய 'நாட்' விமானம், இங்கே திருத்தி அமைக்கப்பட்டபோது வெல்லப்படாதது என்னும் பொருளில் 'அஜீத்' எனப்பட்டது. 1961-இல் முதன்முதலாகப் பறந்த, ஜெர்மானியப் பொறியியலாளர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்ட சண்டை விமானத்துக்கு வேதகாலக் காற்றுத் தேவரின் பெயரான 'மாருத்' அமைந்தது. தமிழர் காதுக்கு 'மாருதம்' அயற்சொல்லன்று.

ஆயினும் சூட்டப்பட்ட எல்லாப் பெயரும் நிலைக்கவில்லை. ஜாகுவார் 'ஷம்ஷேர்' என்றும், மிராஜ் 2000 'வஜ்ரா' என்றும் பதிவேடுகளில் உள்ளன. விமானத் தளத்திலும் செய்தித்தாளிலும் ஜாகுவாரும் மிராஜுமே வழங்குகின்றன. முழுமையாக வெளியே உருவாகி வந்த பொருளுக்கு ஆணையால் மட்டும் புதுப்பெயர் ஒட்டுவது அரிது போலும். தூஃபானி இதற்கு விலக்கு. இங்கே வடிவமைக்கப்பட்ட பயிற்சி விமானம் கிரணுக்கு மாற்றுப் பெயரே தேவைப்படவில்லை. 2001-இல் முதன்முதலாகப் பறந்த இலகுரகச் சண்டை விமானத்துக்கு 2003 மே 4-ஆம் நாள் பிரதமர் வாஜ்பாய் 'தேஜஸ்' எனப் பெயரிட்டார். மாணவர் முதல் அமைச்சர் வரை இன்று அதனை அப்படியே அழைக்கின்றனர்.

கடற்படை தன் விமானத் தளங்களுக்குப் பெரும்பாலும் பறவைகளையே நாடியது. 1953-இல் கொச்சியில் 'கருடா'. 1992-இல் அரக்கோணத்தில் 'ராஜாளி'. 2009-இல் இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் 'பருந்து'. இறுதி இரண்டும் தமிழ்நாட்டுச் சிற்றூரில் எவரும் உரையின்றி உணரக்கூடியவை. நிகோபாரின் கேம்ப்பெல் விரிகுடாவில் 2012-இல் 'பாஸ்' தளமும், வட அந்தமானின் ஷிப்பூரில் 2019-இல் வெண்வயிற்றுக் கடற்கழுகின் பெயரால் 'கோஹாசா' தளமும் பணியில் சேர்க்கப்பட்டன. அக்கழுகு இத்தீவுகளின் கரையோரங்களில் இன்றும் பறக்கிறது.