கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்: ஜான் நியூட்டன் பெற்ற இரக்கம்



தேவனுடைய இரக்கத்தை உணர்ந்தவரின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்று பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இந்தப் பொருளில் நம் சபைகளில் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. குடித்துத் திரிந்தேன், ஆண்டவர் தொட்டார், எல்லாவற்றையும் விட்டேன் என்பதோடு சாட்சி முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு என்ன கூலி கொடுத்தார், பங்காளியோடு இருந்த வரப்புத் தகராறு என்ன ஆயிற்று என்று யாரும் எழுந்து கேட்பதில்லை. எனக்கு அந்தப் பிற்பாதிதான் வேண்டும். ஆகவே ஒரே ஒரு மனிதரின் பிற்பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

ஜான் நியூட்டன், 1725இல் லண்டனில் பிறந்தவர். ஏழு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். தகப்பனார் கப்பல் தலைவர். மகனும் கடலுக்குப் போனார். கடற்படையிலிருந்து ஓடிப் பிடிபட்டுக் கசையடி வாங்கினார். பிறகு சியரா லியோன் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் போய்ச் சேர்ந்து, பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்தார். 1748 மார்ச்சில் ஊர் திரும்பிய ‘கிரேஹவுண்ட்’ கப்பல் புயலில் சிக்கியது. அவருக்குப் பதிலாக மேல்தளத்துக்கு ஏறிய மாலுமியை அலை அடித்துக்கொண்டு போயிற்று. மணிக்கணக்கில் தண்ணீர் இறைத்துக்கொண்டே, அதுவரை கேலி செய்துவந்த தேவனிடம் இரக்கம் கேட்டார். அந்த நாளைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை, ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். பின்னாளில் குருவானவராகி, ஓல்னி என்ற சிற்றூரில் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதினார்.

இவ்வளவையும் பிரசங்க மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அடிமைக் கப்பல்காரன் புயலில் மனந்திரும்பினான், தொழிலை விட்டான், பாட்டு எழுதினான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நடந்தது அப்படியல்ல.

புயலில் தப்பிய அதே ஆண்டில் அவர் ஓர் அடிமைக் கப்பலில் துணைத் தலைவராக ஏறினார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவரே தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவிக்குப் பக்கம் பக்கமாகப் பக்திக் கடிதங்கள் எழுதினார். அந்த ஆராதனை நடந்த பலகைக்குக் கீழே மனிதர்கள் இரும்பில் பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள். 1752இல் அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிட்டார்கள் என்று சந்தேகம் வந்தபோது, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணிக் கருவியில் வைத்து நெருக்கியதைத் தம் கப்பல் நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். 1754இல் அவர் கடலை விட்டது திடீரென வந்த நோயால். மனச்சாட்சி உறுத்தி அல்ல.

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். பக்தர்களின் வரலாற்றைக் கழுவித் துடைத்துத் தருவது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த மனிதரை வேஷக்காரர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் பெற்ற இரக்கம் மெய்யானதுதான். தன் ஆத்துமாவரைக்கும் அதைக் கண்டார். கீழ்த்தளம்வரை அது இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அந்த வியாபாரத்தை அன்றைய ஊரும் சபையும் கண்ணியமான பிழைப்பு என்றே மதித்தன.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனை ராஜா விடுவிக்கிறார். அவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் பெரிய கடன் 6 கோடி நாள் கூலி. ஒருவன் ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் தீர்க்க 2 லட்சம் ஆண்டு வேண்டும். மறுபக்கம் உள்ள நூறு வெள்ளிப்பணத்தை நாம் சில்லறை என்று தள்ளிவிடுகிறோம். மூன்று நான்கு மாதக் கூலி, கூலிக்காரனுக்குச் சில்லறையா? பிறர் நமக்குச் செய்த தீங்கு சின்னது என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. அது வலிக்கிற கடன்தான். உனக்கு விடப்பட்ட கடனோடு சேர்த்து வைத்துப் பார் என்கிறார், அவ்வளவே.

நியூட்டனின் காரியத்தில் இந்தக் கதை இன்னும் கடுமையாகிறது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் அவருக்கு ஒரு காசும் கடன்பட்டவர்கள் அல்லர். இவரே அவர்களுக்குக் கடனாளி. விடுதலை பெற்றவன் கடனே இல்லாதவனின் தொண்டையைப் பிடித்திருக்கிறான்.

இந்தக் கணக்கு அவருக்கு விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1785 டிசம்பரில், அரசியலை விட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்ற குழப்பத்தோடு வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் அவரை ரகசியமாக வந்து பார்த்தார். இருக்கிற இடத்திலேயே இருந்து தேவனுக்கு உழைக்கும்படி நியூட்டன் சொல்லி அனுப்பினார். 1788இல், புயலுக்கு 40 ஆண்டு கழித்து, அடிமை வியாபாரத்தைப் பற்றித் தம் பெயரிலேயே ஒரு சிறு நூலை வெளியிட்டார். இருவர் இருவராக விலங்கிட்டது, புரண்டு படுக்க இடமில்லாத நெருக்கம், பெண்களுக்கு மாலுமிகள் இழைத்த கொடுமை எல்லாம் அதில் உண்டு. தமது அறிக்கை காலம் கடந்து வருகிறது, நடந்த கேட்டை அது ஈடுசெய்யாது என்றும் ஒப்புக்கொள்கிறார். 1790இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அவர் சொன்ன எத்தனையோ சாட்சிகளில் இதைத்தான் நான் பெரியதாக மதிக்கிறேன். இதில் அவருக்குப் புகழ் இல்லை. தேதியும் இடமும் செய்த காரியமும் மட்டுமே உண்டு. 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் காலமானார்.

இந்தக் கதையின் ஒரு நுனி தஞ்சாவூரைத் தொடுகிறது. முதுமையில் நியூட்டனைத் தேடிவந்து ஆத்தும ஆலோசனை பெற்ற இளைஞர்களில் டேனியல் வில்சன் ஒருவர். பின்னாளில் கல்கத்தாவின் பிஷப் ஆனார். 1833இல், சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். ஆலயத்தில் தனித்தனி இருக்கையும், திருவிருந்தில் யார் முதலில் என்ற வரிசையும் அன்று வழக்கம். தஞ்சைச் சபையில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். கிறிஸ்துவின் இரக்கத்தை அவரைப்போலத் தமிழில் பாடியவர்கள் மிகக் குறைவு. அவர் பாட்டுக்கு உருகுகிற நாம் இதையும் சேர்த்தே அவரை நினைக்க வேண்டும்.

வில்சன் கேட்டது நியாயம். கேட்ட விதத்தில் எனக்குக் குறை உண்டு. மேலிருந்து ஆணையாக வந்தது. ஆளும் இனத்தார் எங்களுக்குச் சமத்துவம் போதிப்பதா என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால் அதையும் மறுக்க முடியாது. நியூட்டனோ தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசினார். வில்சன் தம் குருவிடம் பெற்றவற்றில் இந்த ஒன்று மட்டும் தஞ்சைக்கு வந்து சேரவில்லை.

இன்றும் நம் ஊர்களில் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்துக்குள் குறுக்குச் சுவர் உண்டு. சபைத் தேர்தல் வந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை ஓட்டு என்றுதான் முதலில் எண்ணுகிறோம். அந்த ஓட்டைப் போட்டுவிட்டு வந்து, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும் என்று ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கிறோம்.

ஆகவே இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். நம் சேகரத்தின் பழைய ஏடுகளைத் திறந்து, யாரை எங்கே புதைத்தோம், யாரை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டோம், பள்ளிக்கூட வேலையை யார் யாருக்குக் கொடுத்தோம் என்பதை ஆண்டு வாரியாக எழுத இரண்டு மூன்று பேரை நியமியுங்கள். அடுத்த ஆண்டு நினைவு நூலாக, சபையின் பெயரிலேயே, அதை அச்சிடுங்கள். அந்த ஆண்டு சொற்பொழிவு இல்லாமல் போனாலும் பரவாயில்லை.