பில் கூடினால் யாரிடம் சொல்வது?

மின்சார பில் திடீரென இரட்டிப்பாக வந்தால், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பலர் வீட்டுக்குள்ளேயே புலம்பிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். முதலில் மின்மானி காட்டும் அலகைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச மின்சாரக் காரியாலயத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுங்கள். பிரதியொன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

கட்டணத்தைப் பற்றியும் அங்கே கருத்துச் சொல்லலாம். கட்டணத்தில் மாற்றம் வேண்டாம் என்று மின்சார சபை கேட்டிருந்தும், பொதுமக்களின் கருத்தைக் கேட்டபின் 2025 ஜனவரியில் சராசரியாக 20 வீதம் குறைத்தது இந்த ஆணைக்குழுதான். அடுத்த முறை கருத்துக் கேட்கும் அறிவிப்பு வந்ததும், கல்முனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் கட்டாயம் எழுதுங்கள்.