சாடியில் ஒரு கற்பூரவள்ளி



மேனாட்டார் அழகுக்காகவே சாடிகளில் வளர்க்கும் ஒறிகானோ வகைகள் சில உண்டு. இளஞ்சிவப்புப் பூச்செதில்கள் கொத்தாகத் தொங்கும். மத்தியதரைக்கடலை அடுத்த மலைச்சரிவுகள் அவற்றின் தாயகம். நம் பெண்கள் பூவோடு சேர்த்துக் கட்டும் மருவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் ஒறிகானோவுக்கு வறண்ட மண் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பிலே அதன் வேர் எளிதில் அழுகிவிடும். அந்த மணத்தை விரும்புவோருக்கு நம்மிடம் கற்பூரவள்ளி இருக்கிறது. ஆங்கிலேயர் அதையே கியூபா ஒறிகானோ என்பர்.

இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கைதான். வள்ளி என்றால் கொடி, இது கொடியல்ல. கற்பூரமும் இதிலிருந்து எடுப்பதில்லை. கசக்கினால் எழுவது ஓமத்தின் மணம். தமிழகத்தார் ஓமவள்ளி என்பது அதனாலேதான். ஓமத்திலுள்ள தைமோலும் ஒறிகானோவிலுள்ள கார்வக்குரோலும் இதன் எண்ணெயிலும் உண்டு. தாவரவியலார் மட்டும் என்ன? 1790இல் போர்த்துக்கேயரான லூறெய்றோ இதனைக் கோலியஸ் என்றார். பின்வந்தோர் பிளெக்ட்ராந்தஸ் ஆக்கினர். 2019இல் மறுபடியும் கோலியஸ் ஆயிற்று! சிங்களத்தில் கப்பறவல்லியா. சொல்லிப் பாருங்கள், ஒரே சொல் இரண்டு நாவில் உருள்வது தெரியும்.

வெள்ளவத்தையில் இன்று முற்றமுள்ள வீட்டைத் தேடித்தான் காணவேண்டும். காலி வீதிக்கு இருபுறமும் தொடர்மாடிகள். 1995 இடப்பெயர்வின் பின் வடக்கிலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருந்தவர்கள் பலர். கிணற்றடியையும் வேலிக் கிளுவையையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். முருங்கையை எந்த மாடிக்குக் கொண்டு போவது? கற்பூரவள்ளியானால் ஒரு கொப்பை ஒடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். வாடகை வீட்டுக்காரருக்கென்றே பிறந்த செடி என்பேன்.

நாலு விரல் நீளக் கொப்பு போதும். கீழ் இலைகளைக் களைந்து, மணலும் தும்புத்தூளும் கலந்த சாடியில் ஊன்றுங்கள். பால்மாத் தகரமும் ஆகும். அடியில் துவாரம் மட்டும் அவசியம். இது தண்ணீர் இல்லாமல் வாடுவதைவிடத் தண்ணீர் மிகுந்து அழுகுவதே அதிகம். மண் காய்ந்தபின் ஊற்றினால் போதுமானது. காலை வெயில் படும் பல்கணி நல்லது. நுனியைக் கிள்ளக் கிள்ளப் புதராகும்.

வெள்ளைக் கரையிட்ட இலையுள்ள வகையை அலங்காரச் செடி என்றே விற்கிறார்கள். வாங்குவோரிற் பலர் அது கற்பூரவள்ளி என்பதை அறியார். பிள்ளை இரவில் இருமும்போது செடி யன்னலிலேயே நிற்கும். இவர்கள் கடைக்கு ஓடுவார்கள். அந்த வகையில் தனிப் பச்சைக் கிளை வந்தால் வெட்டிவிடுங்கள். விட்டால் அதுவே செடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

தடிமனுக்கு இலையை வாட்டிப் பிழிந்து, சாற்றில் சில துளி தேன் கலந்து கொடுப்பது நம் வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இருமல் நீடித்தால் வைத்தியரிடம் போகவேண்டும். மற்றப்படி, தடித்த இலைகளைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் அருமையான பஜ்ஜி. மழை பெய்யும் மாலையில் செய்து பாருங்கள்.