தையல் மெஷின் யாருக்குச் சொந்தம்?



இன்றைக்கு ஒரு கணக்கும் ஒரு சட்டமும். முதலில் கணக்கு.

காட்கோபர் காமராஜ் நகரில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரவிக்கை தைத்துக் குடும்பம் நடத்துகிறார். மோட்டார் வைத்த தையல் மெஷின் வேண்டும். ரொக்கம் கொடுத்தால் 12,000 ரூபாய். அக்காவிடம் 2,000 தான் இருக்கிறது.

"மீதியைக் கிஸ்தியில கட்டுங்கக்கா. மாசம் 1,250. பன்னிரண்டே மாசம்" என்கிறார் கடைக்காரர்.

அக்கா கையெழுத்துப் போட்டார். பத்திரம் முழுவதும் ஆங்கிலம்.

சிலேட்டை எடுங்கள். 1,250ஐ 12ஆல் பெருக்குங்கள். 15,000. முன்பணம் 2,000 சேர்த்தால் 17,000. கடன் 10,000 தான். அதற்குக் கூடுதல் 5,000! அந்தக் கடனும் வருஷம் முழுக்க அப்படியே நிற்கவில்லை. மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே வட்டி கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம்.

ஒன்பது மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல். ராஜாவாடி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் தைக்க முடியவில்லை. இரண்டு கிஸ்தி நின்றது. ஆட்கள் வந்து மெஷினைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

"13,250 கட்டிட்டேனே! அது என் மெஷின் இல்லையா?" என்று அழுதார் அக்கா.

இல்லை. அவர் கையெழுத்துப் போட்டது வாடகைக் கொள்முதல் பத்திரம். ஹயர் பர்ச்சேஸ் என்பார்கள். கடைசிக் கிஸ்தி கட்டும்வரை பொருள் கடைக்காரருடையது. அதுவரை அக்கா வெறும் வாடகைதாரர். சாதாரணத் தவணை விற்பனையில் பொருள் முதலிலேயே நமக்குச் சொந்தம், பாக்கி மட்டும் கடன். வெளியே இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பத்திரத்தைப் படித்தால்தான் தெரியும். வாடகைக் கொள்முதலில் கிஸ்தி தவறி, பத்திரப்படி உரிமையாளர் பொருளை எடுத்தால் அது திருட்டு ஆகாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அக்காவைக் காக்க ஒரு சட்டம் இருந்தது. 1972இல் பாராளுமன்றம் இயற்றிய வாடகைக் கொள்முதல் சட்டம். ரொக்க விலை, மொத்த விலை, கிஸ்தி எத்தனை என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மொத்த விலை 15,000க்குக் குறைவானால் பாதி, அதற்கு மேல் முக்கால் பங்கு கட்டிவிட்டால், பொதுவாக வழக்குப் போடாமல் பொருளை எடுக்க முடியாது. மோட்டார் வண்டிக்குத் தனிக் கணக்கு. 17,000இல் முக்கால் 12,750. அக்கா அதையும் தாண்டிக் கட்டியிருந்தார்!

ஆனால் அந்தச் சட்டம் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் காகிதத்தில் தூங்கியது. 2005இல் நீக்கிவிட்டார்கள். பிறக்காத பிள்ளைக்குக் கருமாதி செய்த கதை.

அப்படியானால் அக்காவுக்கு வழியே இல்லையா? உண்டு. அடியாட்களை வைத்து மிரட்டிப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் கண்டித்தது. வாடகைக் கொள்முதல் பொருளானாலும் சட்டப்படிதான் எடுக்க வேண்டும் என்று 2011இல் மறுபடி சொன்னது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு போன் செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022இல் உத்தரவிட்டது.

தவணையில் வாங்குபவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிய மெஷினுக்கும் அது பொருந்தும். குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை.

பத்திர நகலும் ரசீதும் வேண்டும். அக்காவிடம் ஒன்பது கிஸ்திக்கு ஆறு ரசீதுதான் இருந்தது. மீதி மூன்றுக்கு, "அடுத்த தடவை தர்றேன்" என்று கடைப் பையன் சொல்லிப் போயிருந்தான்.

மூன்று கிஸ்தி எவ்வளவு? சிலேட்டில் போட்டுப் பாருங்கள்.