பெருநாள் இரவும் நெடும் பயணமும்





ரமழான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை தொடர்பான கூட்டம் கூடுகின்றது. பிறை தென்பட்டதாக வானொலியில் அறிவிக்கப்பட்டதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் தொழில் புரியும் கிழக்கிலங்கை வாலிபர்கள் ஊர் செல்லத் துடிக்கின்றனர். வியாபாரம் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் பொத்துவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் புறப்படுவோர் உளர். பெருநாள் தொழுகைக்கு முன் உம்மாவுக்கு ஸலாம் சொல்லிவிட வேண்டும் என்பதே அவர்களது ஆவல்.

இந்த ஆவல் போற்றத்தக்கது. இரத்த உறவைப் பேணுவோருக்கு ரிஸ்க் விசாலமாகும், ஆயுள் நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியுள்ளார்கள். ஆயினும், உறவைச் சேர்க்கப் புறப்பட்ட பயணமே உறவை நிரந்தரமாகப் பிரித்துவிடலாகாது அல்லவா?

வாலிபர்களே, பாதையைச் சிந்தியுங்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 வீதி சுமார் 430 கிலோமீற்றர் நீளமானது. பலாங்கொடைக்கு அப்பால் மலை வளைவுகளும் பனிமூட்டமும் உள்ளன. சியம்பலாண்டுவைக்கு அப்பால் லாகுகலைக் காட்டில் யானைகள் வீதியைக் கடக்கின்றன. மாதம் முழுவதும் ஸஹருக்கு விழித்து, பெருநாள் வியாபாரத்தில் நின்று களைத்த உடல் இவ்விரவைத் தாங்குமா? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் மூன்று வினாடிகள் கண்ணயர்ந்தால், வண்டி 50 மீற்றர் தூரம் பார்வையின்றி ஓடிவிடும். தலைக்கவசம் தலையைக் காக்கும், உறக்கத்தைத் தடுக்காது.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்பதை நபியவர்களே உணர்த்தினார்கள். ஆகவேதான் நெடும் பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருக்கப்பட்டது; நோன்பிலும் சலுகை வழங்கப்பட்டது. வணக்கத்தையே இலேசாக்கிய மார்க்கம், உங்களை விடிவதற்குள் ஊர் சேருமாறு நிர்ப்பந்திக்கவில்லை. கொழும்பிலேயே உறங்கி எழுந்து, பெருநாள் தொழுதுவிட்டுப் பகலில் புறப்படுங்கள். வழியில் களைப்பு வந்தால், அருகிலுள்ள பள்ளிவாசலில் ஓய்வெடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்ட உம்மத் நாம். பிரேக்கும் டயரும் விளக்கும் சீராக இருப்பதும், போதிய உறக்கமும்தான் இன்று நாம் கட்டவேண்டிய ஒட்டகம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. "எங்கே வருகிறாய்?" என்று அடிக்கடி தொலைபேசி எடுப்பதும், "அடுத்த வீட்டுப் பிள்ளை வந்துவிட்டானே" என்று குறைப்படுவதும் பிள்ளையின் வேகத்தைக் கூட்டும். நோன்பின் கடைசி நாட்களிலேயே, "மகன், படுத்தெழும்பி விடிந்த பிறகு வாங்க, சாப்பாடு எடுத்து வைத்திருப்போம்" என்று கூறிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருடைய உயிரைக் காக்கலாம். பெருநாளன்று அஸருக்கு வந்து சேரும் பிள்ளையும் பெருநாளுக்கு வந்த பிள்ளையே.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் ஸலாமத்தாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.